வாடல் நோயும் வாழையின் பூர்வீகமும்

ரஸ்தாளி பயிரிட்ட உழவர்களுக்கு இந்தக் காட்சி புதிதன்று. ஐந்தாம் மாதம் வரை செழித்து நின்ற மரத்தில் அடி இலை ஒன்று ஓரத்திலிருந்து மஞ்சளிக்கத் தொடங்கும். தண்ணீர் போதவில்லையோ என்று எண்ணி மடை திறந்து விடுவார்கள். ஒரு வாரம் சென்றால் அடுத்த இலை, பிறகு அதற்கு மேலுள்ள இலை என்று மஞ்சள் மேலேறும். இலைக்காம்பு தண்டை ஒட்டிய இடத்தில் மடிந்து, பழுத்த இலைகள் மரத்தைச் சுற்றிப் பாவாடை கட்டியது போலத் தொங்கும். தண்டின் அடிப்பாகம் நெடுக வெடிக்கும். மரத்தைச் சாய்த்துக் கிழங்கைப் பிளந்து பார்த்தால் உள்ளே செம்பழுப்பு நிறத்தில் புள்ளிகளும் கோடுகளும் காணப்படும். தார் தள்ளினாலும் காய் தேறாது. இதுவே பனாமா வாடல் நோய்.

இந்நோயை உண்டாக்குவது ஃபுசேரியம் என்னும் மண்வாழ் பூசணம். வேர் வழியே நுழைந்து, நீர் ஏறும் குழாய்களை அடைத்து விடுகிறது. வயலில் தண்ணீர் நின்றாலும் மரம் தாகத்தால் வாடுவது இதனால்தான். பழத்தை இப்பூசணம் கெடுப்பதில்லை. உண்பவர்களுக்குத் தீங்கும் இல்லை. ஆனால் மரம் செத்த பிறகும் பூசணம் சாவதில்லை. தடித்த சுவருடைய வித்துகளாக மாறி, மண்ணுக்குள் இருபது ஆண்டுகளுக்கு மேலும் உறங்கிக் கிடக்கக் கூடியது. மீண்டும் அங்கே வாழை வேர் வந்தவுடன் விழித்துக் கொள்ளும். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகருக்கு அருகில் இந்நோய் இருப்பது 1876ஆம் ஆண்டிலேயே எழுதி வைக்கப்பட்டுள்ளது.

தமிழ்நாட்டு உழவர்கள் இந்நோயை ரஸ்தாளிக்கும், மொந்தனுக்கும், ஓரளவு கற்பூரவல்லிக்கும் உரியதாகவே நெடுங்காலம் அறிந்திருந்தனர். பச்சை வாழைக்கு இது வராது என்பது பொதுவான நம்பிக்கை. அந்த நம்பிக்கை இப்போது செல்லாது. பூசணத்தில் பல இனங்கள் உண்டு. அவற்றுள் டி.ஆர்.4 எனப்படும் வெப்பமண்டல நான்காம் இனம் பச்சை வாழையையும் கொல்கிறது. பீகாரின் கதிஹார் மாவட்டத்திலும், உத்தரப் பிரதேசத்தின் பைசாபாத் பகுதியிலும் பச்சை வாழைத் தோட்டங்களை வாட்டியது இந்த இனமே என்பதைத் திருச்சியிலுள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகள் உறுதி செய்து 2019ல் வெளியிட்டனர். அதே ஆண்டில் தென் அமெரிக்காவின் கொலம்பியாவிலும், 2021ல் பெருவிலும் இது கண்டறியப்பட்டது.

இந்நோய் கண்ட மரத்தைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. நோய் தாங்கும் இரகம் ஒன்றே நிலையான வழி. அத்தகைய இரகத்தைத் தேடிப் புறப்பட்ட விஞ்ஞானிகளுக்குப் பயிர் நோய் நூல்கள் மட்டும் போதவில்லை. பொறியியல், உயிரித் தொழில்நுட்பம், சுற்றுச்சூழல் இயல் ஆகியவற்றோடு, யாரும் எதிர்பாராத வகையில் மொழியியலும் துணைக்கு வரவேண்டியிருந்தது. வாழைக் கிழங்குக்கும் இலக்கணப் புலவருக்கும் என்ன தொடர்பு என்று கேட்பது இயல்பே.

ஆயிரம் இடத்தில் ஒரே மரம்

நெல்லிலோ பருத்தியிலோ புதிய இரகம் காண வேண்டுமானால் இரண்டு இரகங்களை ஒட்டுச் சேர்த்து, விதை எடுத்து, முளைக்க வைத்துத் தேர்ந்தெடுக்கலாம். வாழையில் விதை எங்கே? பழத்தை வெட்டினால் நடுவில் தெரியும் சிறு கரும்புள்ளிகள் விதையாகாமல் நின்றுபோனவை. காட்டு வாழையில் ஒரு தொகுதிக்கு 11 குரோமோசோம்கள் வீதம் இரண்டு தொகுதிகளாக 22 இருக்கும். பச்சை வாழை, ரஸ்தாளி, பூவன், கற்பூரவல்லி போன்ற பெரும்பாலான தோட்ட வாழைகளில் மூன்று தொகுதிகள், அதாவது 33 உண்டு. மூன்றை இரண்டாகச் சமமாகப் பிரிக்க முடியாததால் மகரந்தமும் சூலும் சரியாக உருவாவதில்லை. விதையில்லாப் பழம் உண்பவருக்கு வசதி. இரகம் உருவாக்குபவருக்குத் தலைவலி.

ஆகவே வாழை என்றும் கன்றின் மூலமே பெருகி வந்திருக்கிறது. கன்று என்பது தாயின் பிள்ளையன்று, தாயேதான். ஒரு தோட்டத்தில் ஆயிரம் ஜி-9 நின்றால் அங்கே நிற்பவை ஆயிரம் மரங்கள் அல்ல; ஆயிரம் இடங்களில் நிற்கும் ஒரே மரம். பச்சைப்பழம், மோரிஸ், ரோபஸ்டா, ஜி-9 என்று பல பெயர்களில் வழங்குபவை எல்லாம் கேவண்டிஷ் என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. உயரத்திலும் தாரின் அளவிலும் சிறு வேறுபாடுகள் உண்டே தவிர, நோயின் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். ஒன்றைக் கொல்லக் கற்ற பூசணம் எல்லாவற்றையும் கொல்லும்.

இது ஒருமுறை நடந்து முடிந்த கதை. கேவண்டிஷுக்கு முன் உலகச் சந்தையை ஆண்டது க்ரோ மிஷேல் என்னும் வாழை. தடித்த தோல், அடிபட்டாலும் கறுக்காத பழம். தாரை அப்படியே கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். மத்திய அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான ஏக்கர்களில் அது ஒன்றையே நட்டார்கள். பனாமா வாடல் நோயின் முதல் இனம் அதைத் தேடி வந்தது. பொறியாளர்கள் களத்தில் இறங்கினார்கள். ஹோண்டுராஸ் போன்ற நாடுகளில் நோய் கண்ட நிலங்களைச் சுற்றிக் கரை எழுப்பி, இயந்திரங்களால் நீர் இறைத்து, மாதக்கணக்கில் குளம் போல் தேக்கி வைத்தனர். பூசணம் மூச்சு முட்டிச் சாகும் என்பது கணக்கு. ஓரளவு செத்தது. நீரை வடித்துப் புதிதாக நட்டபின் சில ஆண்டுகளிலேயே திரும்பி வந்துவிட்டது. அவ்வளவு பெரிய மண்வேலைக்கான செலவு வீணாயிற்று.

1960களில் தோட்டங்கள் கேவண்டிஷுக்கு மாறின. முதல் இனத்தைத் தாங்கிய கேவண்டிஷ், பயணத்தைத் தாங்கவில்லை. தோல் மெல்லியது, உரசினால் கறுத்துவிடும். எனவே தாரைத் தோட்டத்திலேயே சீப்புச் சீப்பாக வெட்டி, கழுவி, அட்டைப் பெட்டியில் அடுக்கும் முறை வந்தது. சிப்பம் கட்டும் கூடங்கள், கம்பியில் தார் தொங்கிச் செல்லும் பாதைகள், 13 முதல் 14 டிகிரி வெப்பத்தில் வைக்கும் குளிர்ப்பதன அறைகள் என்று ஒரு புதிய பொறியியலே எழுந்தது. இன்று நகரக் கடைகளில் பெட்டியிலிருந்து எடுத்து அடுக்கும் பச்சை வாழைச் சீப்புக்குப் பின்னால் இருப்பது, கண்ணுக்குத் தெரியாத ஒரு பூசணம் மூட்டிய மாற்றம்.

கேவண்டிஷை வாட்டும் நோய் தைவானில் 1967ல் தென்பட்டது. அதன் பிறகு மலேசியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், சீனா என்று பரவிற்று. இம்முறை மாற்றி நடுவதற்குக் கையில் வேறு ஒரு க்ரோ மிஷேலோ கேவண்டிஷோ இல்லை. எனவேதான் வாழையின் பெற்றோரைத் தேட வேண்டியதாயிற்று. பெற்றோர் இன்னார் என்று தெரிந்தால், அவர்களின் உறவில் நோய் தாங்கும் ஒருவரைக் கண்டுபிடித்து, பழைய கலப்பை மீண்டும் புதிதாக நடத்திப் பார்க்கலாம்.

இலைக்காம்பு சொன்ன குலம்

இத்தேடலின் முதல் பெரிய படி 1955ல் வைக்கப்பட்டது. ட்ரினிடாட் தீவின் வேளாண் கல்லூரியில் பணிபுரிந்த நார்மன் சிம்மண்ட்ஸ், கென்னத் ஷெப்பர்ட் இருவரும் உலகத் தோட்ட வாழைகளில் பெரும்பாலானவை இரண்டே காட்டு வாழைகளின் வழிவந்தவை என்று காட்டினர். ஒன்று மூசா அகுமினேட்டா, மற்றொன்று மூசா பால்பிசியானா. முன்னதற்கு ‘ஏ’ என்றும் பின்னதற்கு ‘பி’ என்றும் அடையாளம் இட்டனர். மரத்தின் 15 உறுப்புக் குறிகளைப் பார்த்து மதிப்பெண் போடும் முறை அவர்களுடையது. குறி முழுக்க ‘ஏ’ போல் இருந்தால் 1, முழுக்க ‘பி’ போல் இருந்தால் 5.

இதை எந்த உழவரும் தம் தோட்டத்திலேயே சோதித்துப் பார்க்கலாம். பச்சை வாழையின் இலைக்காம்பைக் குறுக்கே வெட்டினால் மேற்புறக் குழி திறந்த வாய்க்கால் போல் இருக்கும். மொந்தன் காம்பை வெட்டினால் குழியின் இரு ஓரங்களும் நெருங்கி வந்திருக்கும். பச்சை வாழைப் பூவின் மடல் விரிந்தபின் பின்புறமாகச் சுருளும். ‘பி’ மிகுந்தவற்றில் மடல் தூக்குமே தவிர அவ்வளவாகச் சுருளாது. இப்படிப் பார்த்ததில் பச்சை வாழையும் செவ்வாழையும் ஏ.ஏ.ஏ.; பூவன், ரஸ்தாளி, நேந்திரன், விருப்பாட்சி ஏ.ஏ.பி.; மொந்தன், கற்பூரவல்லி ஏ.பி.பி.; நெய்ப்பூவன் ஏ.பி. என்று வகுக்கப்பட்டன. ஆய்வுக்கூடமே தேவைப்படாத இந்தப் பகுப்பு, பின்னால் வந்த மரபணுச் சோதனைகளிலும் பெரும்பாலும் நிலைத்து நின்றது என்பது அவ்விருவரின் கண்ணுக்குக் கிடைத்த பெருமை.

ஆனால் ‘ஏ’ என்ற ஓர் எழுத்து மட்டும் போதாது. அகுமினேட்டா காட்டு வாழை மலேயா தீபகற்பத்தில் ஒருவிதம், ஜாவாவில் ஒருவிதம், நியூகினியில் ஒருவிதம் என்று பல கிளைகளாக இருக்கிறது. கேவண்டிஷின் மூன்று ‘ஏ’க்களும் எந்த எந்தக் கிளையிலிருந்து வந்தவை? இதற்கு மரபணு ஆராய்ச்சி தேவைப்பட்டது. 2005ல் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட முடிவு வியப்பூட்டியது. கேவண்டிஷும் க்ரோ மிஷேலும் ஒரு பெற்றோரைப் பொதுவாகக் கொண்டவை; அதாவது நெருங்கிய உறவினர். ஒரு பெற்றோர் தாய்லாந்தில் ‘க்ளுவாய் கை’, அதாவது முட்டை வாழை என்று வழங்கும் வகையைச் சார்ந்தது. அது வழக்கப்படி தன் 22 குரோமோசோம்களில் பாதியான 11ஐத் தந்தது. மற்றொரு பெற்றோர், பிரிவு சரியாக நடவாத காரணத்தால், 22ஐயும் அப்படியே தந்துவிட்டது. இரண்டும் சேர்ந்து 33 ஆயிற்று. இயற்கையின் ஒரு பிழையே உலகச் சந்தைப் பழமாக ஆயிற்று என்று சொல்லலாம்.

அந்த இரண்டாவது பெற்றோரின் குலம் எங்கே இருந்தது என்பதுதான் விந்தை. ‘ம்லாலி’ எனப்படும் அக்குலத்து வாழைகள் மடகாஸ்கர், கொமோரோ தீவுகள், சான்சிபார் முதலான ஆப்பிரிக்கக் கிழக்குக் கடலோரத்தில்தான் கிடைத்தன. அவற்றுள் ஒன்றின் பெயர் ‘அகுன்ட்ரு மைன்ட்டி’. கறுப்பு வாழை என்று பொருள். தாய்லாந்து வாழையும் மடகாஸ்கர் வாழையும் சந்தித்தது எங்கே? ஆப்பிரிக்காவில் காட்டு அகுமினேட்டா இயற்கையாகத் தோன்றியதே இல்லை. இடையில் கிடப்பது இந்துமாக் கடல். மரபணு இந்தக் கரையில் வந்து நின்றுவிட்டது.

சொல் காட்டிய வழி

மொழியியலார் செய்யும் வேலையை ஒரு தமிழ் எடுத்துக்காட்டால் விளக்கலாம். தமிழில் வேர், கன்னடத்தில் பேரு. தமிழில் வாய், கன்னடத்தில் பாயி. தமிழில் வா, கன்னடத்திலும் பா. தமிழின் முதலெழுத்து வகரம் கன்னடத்தில் பகரமாவது ஓர் ஒழுங்கு. வாழை என்பது கன்னடத்தில் பாளெ, துளுவில் பாரெ, மலையாளத்தில் வாழ. ஒழுங்கு பிசகாமல் மாறியிருப்பதால் இது பிற்காலத்தில் ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கிய சொல்லன்று. இம்மொழிகள் பிரிவதற்கு முன்பே இருந்த பொதுச்சொல் என்று கொள்ளலாம். தெலுங்கில் அரட்டி என்பது வேறு சொல். இந்தியில் கேலா, சிங்களத்தில் கெசெல் என்பவை வடமொழிக் கதலியிலிருந்து வந்தவை. ஒரு பயிரின் பெயர்களை வரிசையாக அடுக்கினால், அந்தப் பயிர் யார் யார் கையில் மாறி வந்தது என்பதற்கு ஒரு தடம் கிடைக்கிறது.

இதே முறையைத் தென்கடல் தீவுகளில் கையாண்டனர். அங்கே ‘ஏழு’ என்ற எண் ஜாவாவில் பித்து, ஃபிஜித் தீவில் வித்து, மடகாஸ்கரில் ஃபித்து. முதலெழுத்தாகிய பகரம் ஓரிடத்தில் வகரமாகவும் மற்றோரிடத்தில் ஃபகரமாகவும் ஒழுங்காக மாறுகிறது. இப்போது வாழையைப் பாருங்கள். மூலச்சொல் ‘புந்தி’ என்று மொழியியலார் மீட்டெடுத்துள்ளனர். ஃபிஜியில் ஒருவகை வாழைக்கு வுண்டி என்று பெயர். மடகாஸ்கரின் கடலோரப் பேச்சில் ஃபுன்ட்சி. எண்ணும் வாழையும் ஒரே படகில் போயிருக்கின்றன. மடகாஸ்கர் மொழி ஆப்பிரிக்க மொழியே அன்று. போர்னியோத் தீவின் பாரிட்டோ ஆற்றங்கரை மொழிகளுக்கு நெருங்கிய உறவு என்பதை நார்வே நாட்டு மொழியியலார் ஓட்டோ கிறிஸ்டியன் டால் 1951ல் விளக்கியிருந்தார். போர்னியோவிலிருந்து கடல் கடந்து சென்றவர்கள் வாழைக் கன்றையும் அதன் பெயரையும் சேர்த்தே கொண்டு சென்றனர்.

மடகாஸ்கரில் இன்று பெருவழக்காக இருக்கும் ‘அகுன்ட்ரு’ என்ற சொல்லோ ஆப்பிரிக்கப் பெருநிலத்து பாண்டு மொழிகளிலிருந்து பின்னால் வந்தது. ஒரே தீவில் வாழைக்கு இரண்டு பெயர்கள். ஒன்று கிழக்கே தீவுகளிலிருந்து, ஒன்று மேற்கே நிலப்பரப்பிலிருந்து. கறுப்பு வாழை மேற்கத்திப் பெயரைச் சூடியிருந்தாலும் அதன் இரத்தம் கிழக்கத்தியது.

சொல்லை மட்டும் நம்பிவிடக் கூடாது என்பதும் உண்மை. பயிர் ஒரு வழியாகவும் பெயர் வேறு வழியாகவும் வருவதுண்டு. தமிழர் ‘கொய்யா’ என்றும் ‘அன்னாசி’ என்றும் சொல்லும் பழங்கள் அமெரிக்காவிலிருந்து வந்தவை என்பது அப்பெயர்களைக் கேட்டால் தெரியவா போகிறது? ஆகவே மண்ணின் சான்றும் தேவைப்பட்டது. வாழை இலையில் மணற்சத்து நுண்ணிய துகள்களாகப் படிந்திருக்கும். இலை மக்கினாலும் துகள் மக்காது. எரிமலை வாய் போன்ற அவற்றின் வடிவத்தை நுண்நோக்கியில் அடையாளம் காணலாம். பப்புவா நியூகினியின் மலைநாட்டில் கூக் என்னும் சதுப்பு நிலத்தைத் தோண்டிய டிம் டெனாமும் உடனிருந்தோரும், சுமார் 6,500 முதல் 7,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட மேட்டுப்பாத்திகளில் இத்துகள்கள் மிகுதியாக இருப்பதை 2003ல் வெளியிட்டனர். சதுப்பில் மண்ணைக் கூட்டி மேடாக்கி வாழை வைத்திருக்கிறார்கள். நீர் தேங்கினால் வாழைக்கு ஆகாது என்பதை அன்றே அறிந்திருந்தனர். யுனெஸ்கோ 2008ல் அவ்விடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

மரபணு, சொல், மண் ஆகிய மூன்று சான்றுகளையும் ஒன்றாக வைத்து, பல துறையினர் சேர்ந்து எழுதிய கட்டுரை 2011ல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வந்தது. பிரெஞ்சு நிபுணர் சேவியர் பெரியே, பெல்ஜிய நிபுணர் எட்மண்ட் டெ லாங்க், மொழியியலார் மார்க் டோனஹ்யூ, டெனாம் முதலானோர் அதன் ஆசிரியர்கள். தீவுக்குத் தீவு தனித்தனியாக வளர்ந்திருந்த காட்டு வாழைகளை மனிதனே படகில் ஏற்றி ஓரிடத்தில் சேர்த்தான். அச்சந்திப்பில் பிறந்த கலப்புகளே விதையற்ற வாழைகள் என்பது அவர்கள் கண்ட முடிவு. அடுத்த ஆண்டு, 2012ல், அகுமினேட்டாவின் முழு மரபுத் தொகுதியும் படிக்கப்பட்டு 36,000க்கு மேற்பட்ட மரபணுக்கள் அடையாளம் காணப்பட்டன.

பூவன் கேட்டு ரஸ்தாளி வாங்கிய கதை

பெயர் ஆராய்ச்சி என்பது ஏட்டுச் சுரைக்காய் என்று தள்ளிவிட முடியாது. தமிழ்நாட்டில் பூவன் என்பது பனாமா வாடலைத் தாங்கும் வாழை. அதையே கேரளத்தில் பாளையங்கோடன் என்பர். கேரளத்தில் பூவன் என்று கேட்டால் கிடைப்பது தமிழ்நாட்டின் ரஸ்தாளி. ரஸ்தாளியோ இந்நோய்க்கு முதல் இரை. எல்லையோரத்து உழவர் பெயரை நம்பிக் கன்று வாங்கினால், நோய் தாங்கும் இரகம் வைத்திருப்பதாக எண்ணிக்கொண்டு நேர்மாறானதை நடுவார். ரஸ்தாளிக்கு ஆந்திரத்தில் அம்ருதபாணி என்றும், பீகார், அசாம் பகுதிகளில் மால்போக் என்றும், வங்காளத்தில் மர்த்தமான் என்றும் பெயர். பூவன் வங்காளத்தில் சம்பா. கன்று வெளியூரிலிருந்து வருமானால் பெயரைக் கேட்பதோடு, தாய் மரத்தையும் தாரையும் நேரில் பார்ப்பது நல்லது.

பெற்றோரைக் கண்டபின்

பெற்றோர் தெரிந்ததும் பல வழிகள் திறந்தன. முதல் வழி, பழைய முறை ஒட்டு. இரண்டு தொகுதியுள்ள வாழையைக் கால்ச்சிசின் மருந்தால் நான்கு தொகுதியாக்கி, நோய் தாங்கும் மற்றொரு இரண்டு தொகுதி வாழையோடு சேர்த்தால் மூன்று தொகுதியுள்ள, விதையற்ற பிள்ளை கிடைக்கும். ஹோண்டுராஸ் ஆராய்ச்சி நிலையத்தில் பிலிப் ரோவின் குழுவினர் மலேய நாட்டு ‘பிசாங் ஜாரி புவாயா’, அதாவது முதலைவிரல் வாழை போன்ற இரண்டு தொகுதி வகைகளைக் கலப்பில் பயன்படுத்தினர். வேர் நூற்புழுவைத் தாங்கும் குணம் அதனிடம் இருந்தது. ஆயிரக்கணக்கான பழங்களைப் பிசைந்து வடிகட்டினால் ஒரு கை விதை கிடைப்பதே அரிது. ‘கோல்ட்ஃபிங்கர்’ என்னும் இரகம் இவ்வாறு உருவானதே. நோயைத் தாங்குகிறது, ஆனால் கேவண்டிஷின் சுவை அதில் இல்லை என்பது வாங்குவோரின் குறை.

இரண்டாவது வழி தைவானியர் கண்டது. திசு வளர்ப்புக் கன்றுகளில் சில, தாயிலிருந்து சற்று மாறிப் பிறக்கும். குட்டையாகவோ இலை நீண்டோ இருக்கும் இவற்றை உழவர்கள் கழிசடை என்று குறைகூறுவது வழக்கம். தைவான் வாழை ஆராய்ச்சி நிலையத்தார் இந்தக் குறையையே பயன்படுத்தினர். திசு வளர்ப்புக் கன்றுகளை நோய் மண்ணிலேயே பெருமளவில் நட்டு, சாகாமல் தப்பியவற்றை மட்டும் எடுத்துப் பெருக்கினர். ‘ஃபார்மோசானா’ என்னும் கேவண்டிஷ் தேர்வு அவ்வாறு கிடைத்தது. முற்றிலும் நோயற்றதன்று, தாக்குப்பிடிப்பது. மரபணு மாற்றம் இல்லாமல், சுவையும் மாறாமல் கிடைத்த இந்த வழிதான் சிறு உழவருக்கு ஏற்றதாகத் தோன்றுகிறது.

மூன்றாவது வழி மரபணு மாற்றம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டேல் தலைமையிலான குழுவினர், நோய் தாங்கும் ஒரு காட்டு வாழையிலிருந்து ஆர்.ஜி.ஏ.2 என்னும் மரபணுவை எடுத்துக் கேவண்டிஷில் புகுத்தினர். காட்டு வாழை அகுமினேட்டாவின் மலேயக் கிளையைச் சேர்ந்தது. டி.ஆர்.4 மண்டிய நிலத்தில் 2012ல் தொடங்கிய மூன்றாண்டுச் சோதனையில் ஒரு வரிசை நோயே காணாமல் நின்றது. 2017ல் முடிவு வெளியாயிற்று. 2024 பிப்ரவரியில் ஆஸ்திரேலிய அரசு சாகுபடிக்கும் உணவுக்கும் அனுமதி அளித்தது. எனினும் அதனை உடனே சந்தைக்குக் கொண்டுவராமல், ஆபத்துக் காலத்துக்கு என்று வைத்திருக்கின்றனர். இந்தியாவில் மரபணு மாற்றிய வாழை எதுவும் சாகுபடிக்கு அனுமதிக்கப்படவில்லை.

எந்த வழியானாலும் மூலப்பொருள் பழைய இரகங்களே. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் 1985 முதல் இயங்கும் பன்னாட்டு வாழைச் சேமிப்பகத்தில் 1,600க்கு மேற்பட்ட வகைகள் கண்ணாடிக் குழாய்களிலும், மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனிலும் காக்கப்படுகின்றன. இங்கே திருச்சி மையத்திலும் தோட்டமாகவே வைத்துக் காக்கின்றனர். பழனி மலையின் விருப்பாட்சியும் திண்டுக்கல் பக்கத்துச் சிறுமலை வாழையும் 2008ல் புவிசார் குறியீடு பெற்றன. கன்னியாகுமரி மட்டி 2023ல் பெற்றது. விருப்பாட்சி முடிக்கொத்து நோயால் அழியும் நிலைக்கு வந்து, நச்சுயிரி நீக்கிய திசு வளர்ப்புக் கன்றுகளால் மீட்கப்பட்டது என்பதும் கவனிக்கத்தக்கது.

தோட்டத்தில் செய்ய வேண்டுவன

ஆராய்ச்சி ஒருபுறம் நடக்கட்டும். அதுவரை நோய் உள்ளே வராமல் பார்ப்பதே உழவர் வேலை. நோய் பரவுவது மூன்று வழிகளில்: கன்று, மண், தண்ணீர். நோய் கண்ட வட்டாரத்திலிருந்து கன்றோ கிழங்கோ வாங்கலாகாது. பச்சை வாழைக்கு, நம்பகமான ஆய்வுக்கூடத்தில் சோதித்த திசு வளர்ப்புக் கன்றே பாதுகாப்பானது. கன்று நோயற்றது என்பதற்கு மட்டுமே திசு வளர்ப்பு உறுதி தரும். நட்ட மண்ணில் பூசணம் இருந்தால் திசு வளர்ப்புக் கன்றும் வாடும்.

குயின்ஸ்லாந்தில் 2015ல் டி.ஆர்.4 தென்பட்டபோது, நோய் கண்ட பண்ணையைச் சுற்றி வேலி போட்டனர். காட்டுப் பன்றி மண்ணைக் காலில் சுமந்து செல்லும் என்பதற்காகவே வேலி. வண்டிகள் வெளியேறும் இடத்தில் சக்கரம் கழுவும் மேடை கட்டினர். 2016ல் அப்பண்ணையை வாழை உழவர் சங்கமே விலைக்கு வாங்கிச் சாகுபடியை நிறுத்திவிட்டது. இங்கே அந்த அளவுக்கு இயலாவிட்டாலும், வாடகை டிராக்டர் உள்ளே வருமுன் கொழுவிலும் சக்கரத்திலும் ஒட்டிய மண்ணைக் கழுவச் சொல்வதற்குச் செலவில்லை. தார் வெட்ட வருவோர் கத்தியைப் பல தோட்டங்களில் பயன்படுத்துவதால், பிளீச்சிங் பவுடர் கரைசலில் நனைத்த பிறகே வெட்ட அனுமதிக்க வேண்டும். நோய் கண்ட வயலின் வடிநீர் அடுத்த வயலுக்குப் பாயுமானால் வரப்பை உயர்த்தி வேறு வழியில் திருப்ப வேண்டும். சொட்டுநீர் முறையில் இந்தத் தொல்லை குறைவு.

பயிர்ச் சுழற்சியில் தைவான் அனுபவம் காவிரிப் பாசன உழவருக்கு மிகப் பொருந்தும். நோய் கண்ட நிலத்தில் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை நெல் நட்டபின் வாழை வைத்ததில் வாடல் வெகுவாகக் குறைந்தது. நெல் நின்ற ஆண்டுகள் கூடக் கூடப் பலனும் கூடிற்று. மறுதாம்பு மேல் மறுதாம்பு விட்டு ஒரே நிலத்தில் வாழையையே வைத்திருப்பதைவிட இது மேல். சீனாவின் குவாங்டாங் மாநிலத்தில், பூண்டு இனத்தைச் சேர்ந்த ஒரு கீரையைப் பயிரிட்ட நிலத்தில் வாழை வாடுவதில்லை என்பதை உழவர்களே முதலில் கவனித்தனர். ஆராய்ச்சியாளர்கள் பின்னர் சோதித்து, அக்கீரையின் வேரும் இலையும் விடும் கந்தக வாசனைப் பொருள்கள் பூசணத்தை ஒடுக்குவதைக் கண்டனர். புளிப்பு மண்ணில் நோய் கடுமையாக இருப்பதால் அத்தகைய நிலத்துக்குச் சுண்ணாம்பு இடுவதும் பயன் தரும்.

வாடிய மரத்தைத் தோண்டி வரப்பில் போடுவதோ வாய்க்காலில் எறிவதோ கூடாது. அந்த இடத்திலேயே அழித்து, குழியில் ஒன்று முதல் இரண்டு கிலோ சுண்ணாம்பு இட வேண்டும். ரஸ்தாளியில் காணும் வாடலும் பச்சை வாழையில் காணும் வாடலும் பார்வைக்கு ஒன்றே. எந்த இனம் என்பதை ஆய்வுக்கூடம் மட்டுமே சொல்ல முடியும். ஆகவே பச்சை வாழையில் ஒரு மரம் இவ்வாறு மஞ்சளித்தாலும் தோட்டக்கலை அலுவலருக்கு உடனே தெரிவிக்க வேண்டும். மாதிரி கேட்டால், தண்டுக்குள் பழுப்பேறிய நாரை மட்டும் எடுத்து, உலர்ந்த தாளில் சுற்றித் தர வேண்டும். பாலிதீன் பையில் போட்டால் அழுகிவிடும். மண்ணையோ கிழங்கையோ ஊர்விட்டு ஊர் எடுத்துச் செல்லலாகாது. மாதிரி வெட்டிய கத்தியையும், வயலில் நடந்த செருப்பையும் அங்கேயே கழுவிவிட்டுத்தான் அடுத்த பாத்திக்குப் போக வேண்டும்.